அக்காவின் இடது காது

ஏப்ரல் 8, 1957, திங்கள்

காலை வெயில். மூன்று மணிக்கு மழை. நான்குக்கு மறுபடி வெயில். வானத்துக்கே ஒரு முடிவு இல்லை.

பள்ளி விடுமுறை முதல் நாள். செய்ய வேண்டியவை: கணக்கு (மாட்டேன்), கிழிந்த பாவாடை தைப்பது (நாளை), தேங்காய் துருவுவது (தப்ப வழியில்லை).

பத்து மணிக்குத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு லோரி. சிங்கப்பூரில் காலேஜ் படிப்பவர்கள், பதினான்கு பேர், அதில் பெண்கள் இருவர். அவர்களுக்கும் விடுமுறையாம். வீட்டுக்குப் போய்த் தூங்காமல், எங்கள் காஜா பெராங் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், கால் ஒடிந்த பெஞ்சுகளுக்குக் கால் வைக்கவும், சாயந்தரத்தில் வீடு வீடாகச் சுகாதாரம் சொல்லவும் வந்திருக்கிறார்கள். கூலி கிடையாது. சேவை.

சேவை என்றதும் அம்மா அரிசி மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இது சமூக சேவைம்மா, தேங்காய்ப்பால் வேணாம்" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

கூலி வாங்காமல் சுண்ணாம்பு அடிப்பவனை எவன் நம்புவான்? தெருவில் ஆளுக்கொரு சந்தேகம்.
சைக்கிள் கடைக்காரர்: போலீஸ் அனுப்பிய ஆட்கள்.
அவர் மனைவி: காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் அனுப்பிய ஆட்கள். (ஒரே வீடு, இரண்டு கட்சி.)
கோயில் பண்டாரம்: மதம் மாற்ற வந்தவர்கள்.
அம்மா: சாப்பிட வந்தவர்கள்.

மதியம் பார்த்ததில் அம்மாதான் சரி. தொண்டு செய்ய வந்தவர்களுக்குத் தொண்டை பெரிசு. ஒரு அண்டாச் சோறு, அரை மணியில் அண்டா மட்டும்.

என் சந்தேகம் வேறு. ஆண்கள் பள்ளியிலேயே படுத்துக்கொள்வார்கள். பெண்கள் இருவரையும் யார் வீட்டில் தங்க வைப்பது என்று தலைமையாசிரியர் கேட்டு முடிக்கவில்லை, அப்பா கை தூக்கிவிட்டார். என் அப்பா! பஸ் கம்பெனி டிக்கெட் செக்கர். தன் நிழல் டிக்கெட் எடுத்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற மனிதர். சொந்தச் சித்தப்பா வந்து தங்கினாலே மூன்றாம் நாள் "எப்ப கெளம்புறீங்க?" என்பவர். முன்பின் தெரியாத பெண்ணுக்கு எங்கள் அறையில் பாய் போடச் சொல்கிறார். ஏன்?

ஒருத்தி தலைமையாசிரியர் வீட்டுக்கு. எங்களுக்கு வந்தவள் பெயர் பத்மா. வயது இருபத்தொன்று இருக்கும். ஒல்லி. என் ஜோக்குக்குச் சிரித்தாள். அதுவும் சந்தேகத்துக்குரியது. இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

9, செவ்வாய்

வெயில். புழுக்கம்.

சாயந்தரம் மாணவர்கள் வீடு வீடாக. எங்கள் பக்கம் வந்தவன் பெயர் பாலன். டாக்டருக்குப் படிக்கிறானாம். நெட்டை. கழுத்தை வளைத்துக் குனிந்தே நிற்கிறான், வாயைத் திறந்தால் கேள்வி. பெயர் வைத்துவிட்டேன்: கேள்விக்குறி. சுருக்கமாக கே.கு.

முதலில் பக்கத்து வீட்டு பீபிக்கிடம் மாட்டினான். பீபிக் சிட்டி வீட்டம்மா, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து கலந்துபோன செட்டி வம்சம். கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். கே.கு. சுத்தத் தமிழில், "தாயே, உங்கள் இல்லத்தில் கழிவறை உண்டா?" என்றான். பீபிக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலாயில் "அப்பா?" என்றாள். என்ன என்று அர்த்தம். கே.கு. உடனே, "அப்பா வெளியே போயிருக்கிறாரா? எப்போது வருவார்?" பீபிக்: "அப்பா?" கே.கு.: "ஆமாம், அப்பா." நான் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பீபிக்கின் அப்பா செத்து முப்பது வருஷம்.

பிறகு எங்கள் வீடு. சிரிப்பு நின்றது.

"வீட்டுல எத்தனை பேரு?"
"அஞ்சு. பத்மா அக்காவோட சேத்து."
"சமையல் யாரு?"
"அம்மா. அப்பப்ப அக்கா."
"அக்கா என்னா பண்றாங்க?"
"இப்பவா? மூச்சு விடுறா."
"இல்ல தங்கச்சி, படிக்கிறாங்களா? உடம்பு நல்லா இருக்கா? அடிக்கடி காய்ச்சல் வருமா?"
"நீங்க எந்த ஊரு?" என்றேன்.
"செரம்பான்."

செரம்பான்! கையிலிருந்த துருவிய தேங்காய் பாதி தரையில்.

ஏன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். (என் இங்கிலீஷ் ஸ்கூல் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. இந்தப் புத்தகம் யார் கையில் சிக்கினாலும் கவலையில்லை, அக்கா கையைத் தவிர.)

அக்கா ராஜம், வயது பத்தொன்பது. சீனியர் பரீட்சை பாஸ். கோலாலம்பூரில் தங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும், அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் உடம்புப் பரிசோதனை. ஆனால் தை மாதமே தரகர் ஒரு படம் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கிராணி, ஆபீஸில் கணக்கெழுதும் வேலை. செரம்பான். "சித்திரை பொறக்கட்டும், பொண்ணு பாக்க வர்றோம்" என்று அவர்கள் பக்கத்துச் சொல். அவர்கள் சரி என்றால் பயிற்சி இல்லை, ஆவணியில் கல்யாணம். அப்பா முடிவு. ஆகஸ்டில் நாட்டுக்கு விடுதலை, ஆவணியில் அக்காவுக்கு விலங்கு.

நம் ஜனங்கள் தாம்பூலத்தோடு வருவதற்கு முன்னால் ஓர் ஆளை அனுப்பி நோட்டம் பார்ப்பார்கள். பெண் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாளா, கால் சரியாக ஊன்றுகிறாளா. போன வருஷம் பின் தெரு செல்லம்மாவுக்கு ஒரு பாய் விற்கிறவன் வந்தான். மூன்று நாள் சுற்றினான், ஒரு பாய் விற்கவில்லை. கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா.

இப்போது பாய் இல்லை, சுண்ணாம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

10, புதன்

விடியலில் தூறல். பிறகு நல்ல வெயில். சுண்ணாம்பு காயும்.

பள்ளிக்குப் போனேன். உதவி செய்ய. (சிரிக்காதே.) சுண்ணாம்பைத் தொட்டியில் கரைத்து, வெள்ளை எடுப்பாகத் தெரிய ஒரு சிட்டிகை துணி நீலம் போடுகிறார்கள். நீலப் பொட்டலம் என் பக்கத்தில். கே.கு.வின் வாளியும் என் பக்கத்தில். கடவுளே ஏற்பாடு செய்த மாதிரி.

மொத்தப் பொட்டலத்தையும் போட்டேன்.

ஈரத்தில் சரியாகத் தெரியவில்லை. பத்து மணி வெயிலில் காயக் காய, மூன்றாம் வகுப்புச் சுவர் மட்டும் வானம். இவன் கை, மூக்கு, காது மடல் எல்லாம் நீலம். தலைமையாசிரியர் தூரத்திலிருந்து பார்த்து, "என்னப்பா, நீ மட்டும் கிருஷ்ணனா?" என்றார். லோரி ஓட்டி வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இதற்குக் கோபப்பட்டுச் செரம்பானுக்கு ஓடுவான் என்று நினைத்தேன். இவன் என்னிடம் வந்து நீல விரலை நீட்டி, "தங்கச்சி, இது தோல்ல எத்தனை நாளு இருக்கும்?" என்றான். மறுபடி கேள்வி.

அக்கா கேள்விப்பட்டுச் சிரிக்கவில்லை. "பாவம், வெயில்ல அவ்வளவு நேரம் அடிச்சிருக்காரு." அவள் ஏன் பாவப்படுகிறாள்? இதையும் குறித்துக்கொள்கிறேன்.

11, வியாழன்

மழை. சுவர் வேலை இல்லை. மாணவர்கள் உள்ளே பெஞ்சுக்கு ஆணி அடிக்கிறார்கள். தெரு முழுக்க டொக் டொக்.

பத்மா அக்கா நல்லவள். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் சட்டென்று யாரையும் அப்படிச் சொல்வதில்லை. அம்மாவுக்கு மீன் அரிந்து கொடுக்கிறாள். குடத்தைக் கேட்காமலே எடுக்கிறாள். அக்காவும் அவளும் படுத்துக்கொண்டு பாடம் பற்றிப் பேசுகிறார்கள்: குழந்தைகளுக்குக் கழித்தல் எப்படிச் சொல்லித் தருவது என்று அக்கா விரலை மடக்கி மடக்கிக் காட்டுகிறாள். பத்மா அக்கா அவள் விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கே.கு. மழையில் வந்து வாசலில் நின்றான். கையில் கொசு மருந்து. கண் வீட்டுக்குள்.

"அக்கா வீட்டுல இருக்காங்களா?"
"ஏன்?"
"முந்தாநாளு பேரு சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. அதான் உடம்பு கிடம்பு..."

யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகவே போய்விட்டது. குரலைத் தாழ்த்தினேன்.

"வெளிய சொல்லிடாதீங்க. அக்காவுக்கு இடது காது கேக்காது."
"ஐயோ. எப்பலேர்ந்து?"
"சின்னப் புள்ளையில. காது குத்துனப்போ ஊசி உள்ள போயிடுச்சு. தரகர்கிட்டகூட மறைச்சிட்டோம்."

அவன் முகம் அப்படியே இறங்கியது. போதும். செரம்பானுக்கு இந்தச் செய்தி போனால் தாம்பூலத் தட்டு திரும்பி வண்டி ஏறும். எனக்கே நான் கைதட்டிக்கொண்டேன். சத்தமில்லாமல்.

12, வெள்ளி

மூட்டம். என் நிலையும்.

பள்ளியில் கே.கு. என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, ராத்திரி பூரா அதே யோசனை. பெரிய ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. அக்கா பேரைக் குடுத்துடுறேன். காது சமாச்சாரத்துல அவரு கெட்டி. பயிற்சிக்குப் போறவங்கள சோதிக்கிறதும் அவருதான்."

காது கேட்காதவளுக்கு வாத்தியார் வேலை யார் கொடுப்பார்கள்? கல்யாணத்தை உடைக்க எறிந்த கல் நேரே பயிற்சியின் மண்டையில்.

"வேணாம், அக்கா கூச்சப்படுவா."
"கூச்சப்பட்டா எப்படி? இதுக்குத்தானே வந்திருக்கோம்?"

சேவை என்றால் என்ன என்று இன்றுதான் தெரிந்தது. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்.

உதவிக்கு ஆள் வேண்டும் எனக்கு. பத்மா அக்காவைக் கிணற்றடியில் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். படம், தரகர், செரம்பான், பாய் விற்கிறவன், கே.கு. ஒற்றன், நீலம் நான்தான், காது பொய். அவள் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

"பாலன் நோட்டம் பாக்க வந்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"
"மூஞ்சியே சொல்லுதே."
"ஒற்றன் மூஞ்சி எப்படி இருக்குமாம்?"
"உங்க மூஞ்சி மாதிரி இருக்காது."

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதது இதுவே முதல் தடவை. "உங்க அக்காவுக்கு அந்தப் பையன் வேணாமா?" என்றாள்.

"வேணாம்."
"அவ சொன்னாளா?"
"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

வாளியை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போனாள். ஏன்? பாலனிடம் பேசிப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சித்திரை வருஷப் பிறப்பு

வெயில், காற்று. புதுப் பாவாடை (இடுப்பில் தொளதொள). கோயிலில் கூட்டம், பீபிக் வீட்டார் முன்வரிசையில். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். மாணவர்களைத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராகச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எங்கள் பங்குக்கு யார் வந்தது? வேறு யார். காது மடலில் இன்னும் நீலம்.

மூன்று வடை. இரண்டு தரம் பாயசம். இலையை மடிக்கும்வரை நல்ல பிள்ளை. அப்புறம்:

"ஐயா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக்கூடாது. மூத்த தங்கச்சியோட காதை நான் ஒரு தடவை பாத்துடட்டுமா?"

அம்மா: "காதுக்கு என்னா?"
"மறைக்க வேணாம்மா. இதுல அவமானமே இல்ல."
"என்னாத்த மறைச்சோம்? யாரு சொன்னது ஒங்களுக்கு?"

கே.கு. என் பக்கம் திரும்பவில்லை. இலையைப் பார்த்தான். (ஒரு மார்க் கொடுக்கிறேன்.) அம்மாவுக்கு அதற்குள் அழுகை: "ராஜம், காது கேக்கலையாடி? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறியே, திமிருன்னுல்ல நெனைச்சேன்! செரம்பான்காரங்களுக்கு இது தெரிஞ்சா என்னாவுறது?"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் முதுகு போகும், சொல்லாவிட்டால் அக்காவின் பயிற்சி போகும். முதுகே போகட்டும் என்று மறுபடி திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"பாருங்க" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டாள்.

கே.கு. பின்னால் தள்ளி நின்று மெதுவாக: "மாம்பழம்."

எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அக்கா பேசவில்லை.

"ரயில்வண்டி."

பேசவில்லை.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே, அடுப்படியில் நான் சீனி டப்பா திறப்பதைக் கேட்கிற காது அது. கேட்கிறது, பேச மாட்டேன் என்கிறாள். என் பொய்யை அவள் கையில் எடுத்துப் பார்க்கிறாள். செவிடு என்றால் செரம்பான் ஓடிவிடும். ஆனால் பயிற்சியும் கூடவே போகும். அப்பா ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது பத்மா அக்கா எழுந்தாள். "நான் சொல்லிப் பாக்குறேன். சில பேருக்கு ஆம்பளைக் குரல் கேக்காது."

"அப்படி எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையே" என்றான் கே.கு.

"சும்மா இரு பாலன்."

அக்காவின் இடது காதுப் பக்கம் வாயை வைத்து ஏதோ சொன்னாள். ஒரு சொல் இல்லை, நிறைய. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் முதுகு அசையவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு தெளிவாக, சுவருக்குச் சொல்வது போல, அக்கா: "வேணாம்."

"கேக்குது! கேக்குது! என்னாடி வேணாம்?" அம்மா பாய்ந்துபோய்க் கட்டிக்கொண்டாள்.

அக்கா திரும்பினாள். கண்ணோரம் ஈரம், முகம் நிதானம். "காதுல எண்ணெய் ஊத்தட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னேன்."

"அப்ப என் குரல்லதான் கோளாறு" என்று கே.கு. சிரித்தான். அம்மா அவனுக்கு மூன்றாம் தரம் பாயசம் ஊற்றினாள்.

அப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு பின்பக்கம் போய் வெகு நேரம் நின்றார்.

எண்ணெய் ஊற்றட்டுமா என்று கேட்க இரண்டு சொல் போதும். அவ்வளவு நேரம் என்ன சொன்னாள்?

15, திங்கள்

வெயில். துணி காய நல்ல நாள்.

கிணற்றடியில் அக்காவைப் பிடித்தேன். முதலில் என் பொய்யைச் சொன்னேன். தெரியுமாம். "வேற யாருக்கு அந்த மாதிரி வாய்?" ஈரத் துண்டால் ஓர் அடி. வலித்தது. நியாயம்.

"பத்மா அக்கா என்னா சொன்னாங்க?"

பிழிந்த சேலையை உதறிவிட்டுச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்:

"'நான் செரம்பான்காரரோட தங்கச்சி. உன்னைப் பாத்துட்டுப் போகத்தான் உங்க அப்பாவும் தரகரும் சேந்து என்னை இங்க தங்க வச்சாங்க. என் அண்ணனைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா? இல்லன்னா இப்பவே சொல்லு, நான் பாத்துக்கிறேன்.' அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

பத்மா! மீன் அரிந்தவள், என் பக்கத்தில் படுத்தவள், என் ஜோக்குக்குச் சிரித்தவள். நான் வேலியோரம் கே.கு.வுக்குக் காவல் இருந்தபோது ஒற்றன் என் பாயில் தூங்கியிருக்கிறான். (ஒற்றள்? ஒற்றி? பெண்ணுக்கு ஒரு சொல்கூட இல்லை, அதனால்தான் சந்தேகம் வரவில்லை.) அப்பா கை தூக்கியதன் காரணமும் தெரிந்தது. அப்படியென்றால் அந்த "வேணாம்" என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது, பத்மா யார் என்று தெரிந்த அப்பாவுக்குத் தெரியும்.

"முதல்ல ரெண்டு தடவ ஏன் பேசல நீ?"
"யோசிச்சேன்."
"இதுல யோசிக்க என்னா இருக்கு? உனக்குத்தான் அந்தாளு வேணாமே."
"உனக்கு யாரு சொன்னது? படத்துல ஆளு நல்லாத்தான் இருந்தாரு."

நான் வாளியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரோடு.

"ஒரு வாரமா இந்தத் தெருவுல எல்லாரும் எல்லாரையும் கேக்குறாங்க. கக்கூஸ் இருக்கா, கொசுவலை இருக்கா, காய்ச்சல் வருமா. என்னை இதைக் கேட்டது அவங்க ஒருத்தங்கதான். அம்மா கேக்கல, அப்பா கேக்கல. எனக்காக நாள் பூரா சண்டை போட்டியே, நீயும் கேக்கல. வாயைத் திறந்து சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, படிக்கத்தான் போறேன்னு."

வாளியிலிருந்து எழுந்து, யாரும் சொல்லாமலே மீதித் துணியைப் பிழிந்தேன். தேதி குறித்து வைக்க வேண்டிய விஷயம்.

17, புதன்

மழை வரும் போல வந்து வரவில்லை.

பத்மாவிடம் (அக்கா பட்டம் நிறுத்திவைப்பு) இரண்டு நாள் பேசவில்லை. அவள் செருப்பில் மீன் செதிலைப் போடலாம் என்று எடுத்துப் போனேன். செருப்பு முழுக்கச் சுண்ணாம்பு, குதிகால் பக்கம் இரத்தக் கறை. தோல் உரிந்திருக்கிறது. செதிலைப் பூனைக்குப் போட்டேன்.

பின்னால் வந்து நின்றாள்.

"கோவமா?"
"எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களையே நோட்டம் பாத்தீங்க."
"பாத்தேன். சுண்ணாம்பும் அடிச்சேன்ல?"
"ஊர்ல போய் என்னா சொல்லப் போறீங்க?"
"பொண்ணு நல்ல பொண்ணு, அண்ணனை வேணாங்கிறா, படிக்கப் போறான்னு."
"ஒங்க அம்மா?"
"குதிப்பாங்க. அடுத்து எனக்குத்தானே பாக்கப் போறாங்க. என்னையும் யாராச்சும் ஒரு வார்த்தை கேக்கட்டுமேன்னுதான் உங்க அக்காவைக் கேட்டேன்."

நல்ல பேச்சு. ஆனால் வண்டி ஏறியதும் மனம் மாறினால்? சொந்த அண்ணனா, ஒரு வாரத்துச் சிநேகிதியா? நான் நம்பவில்லை. பாதி நம்புகிறேன். அப்பா வேறு இன்னும் வாயே திறக்கவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், தேத்தண்ணி குடிக்கிறார். அவர் சரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் பத்மா என்ன சொன்னாலும் கல்யாணம் நடக்கும். அக்கா வெங்காயம் உரிக்கிறாள். தேவைக்கு மேல் உரிக்கிறாள்.

18, வியாழன்

காலையிலேயே வெயில்.

மாணவர்கள் கிளம்பினார்கள். பள்ளி பளபள. மூன்றாம் வகுப்புச் சுவரை மட்டும் மறுபடி அடிக்க வேண்டாம், நீலமே இருக்கட்டும் என்று பிள்ளைகள் அடம். தெருவில் சந்தேகங்கள் முடிந்தன என்று நினைக்காதே. சைக்கிள் கடைக்காரர்: "பாத்தியா, வேலை முடிஞ்சதும் சத்தமில்லாம போறானுங்க."

கே.கு. லோரி மேலிருந்து குனிந்தான்.

"தங்கச்சி, அடுத்த தடவ மஞ்சள் போடு. எனக்கு நீலம் எடுக்கல."
"எப்ப கண்டுபுடிச்சீங்க?"
"அன்னைக்கே. உன் நகத்துலயும் நீலம் இருந்துச்சே."

கேள்விக்குறிக்குள்ளே ஒரு முற்றுப்புள்ளியும் உண்டு, கீழே. மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேரைக் கொடுக்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அப்பா செக்கர் தொப்பியோடு வழியனுப்ப வந்தார். லோரியின் பின்சக்கரத்துப் பக்கம் பத்மா அக்காவிடம் (பட்டம் திரும்பத் தரப்பட்டது) தனியாகப் பேசினார். எஞ்சின் சத்தம். அப்பா ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா மறுபடி ஏதோ கேட்டார். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் கை காட்டினாள். அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி போட்டார்.

என்ன கேட்டார்? என்ன சொன்னாள்? ஏன் கை காட்டினாள்? இப்போது நான்தான் வளைந்து நிற்கிறேன்.

20, சனி

மத்தியானம் பெருமழை. வாசலில் கணுக்கால் தண்ணீர்.

அப்பா நனைந்து வந்தார். துண்டு கொடுத்த அக்காவைப் பார்க்காமல் துண்டைப் பார்த்துக் கேட்டார்:

"பெட்டி இருக்கா உனக்கு?"
"எந்தப் பெட்டிப்பா?"
"துணிமணி வைக்க. கோலாலம்பூருக்கு."

அக்கா நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து: "என்னா பேச்சு இது? செரம்பான்லேர்ந்து இன்னும் ஒரு சேதியும் வரலையே?"

"வர வேணாம். நேத்தே தரகர் வீட்டுக்குப் போய் நம்ம பக்கத்துலேர்ந்து நிறுத்திட்டேன்."
"எதுக்கு? யாரைக் கேட்டு?"
"அவளைத்தான். வருஷப் பிறப்பன்னைக்கே வேணாம்னாளே."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் எது நடந்தாலும் கடைசிப் பார்வை எனக்குத்தான். "எல்லாருமாச் சேந்து என்னாத்தயோ மறைக்கிறீங்க" என்று உள்ளே போனாள். குழம்பில் உப்பு அதிகம்.

அக்கா அப்பாவின் ஈரத் தொப்பியை வாங்கி, துடைத்து, ஆணியில் மாட்டினாள். மாட்டிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நாளை கடைத்தெருவுக்குப் போகிறோம், அப்பா, அக்கா, நான், மூன்று பேரும். தகரப் பெட்டி, பூட்டு, ஒரு போர்வை, இரண்டு ஜோடி செருப்பு. பெட்டி எவ்வளவு பெரிசு என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. நான் உள்ளே படுக்கலாம்.

இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? லீவுக்கு வந்து போகிறவளுக்கு யாராவது இவ்வளவு பெரிய பெட்டி வாங்குவார்களா?